மலிவின் விலை: வேட்டைத் துப்பாக்கியின் குறிநோக்கி எளியோரை அடைந்த வரலாறு

பெருமந்தம் தொடங்கிய மறு ஆண்டான 1930இல், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து நியூபோர்ட் நகரில், இருபதுகளின் நடுவில் இருந்த வில்லியம் ரால்ஃப் வீவர் என்ற இளைஞர் வேட்டைத் துப்பாக்கிக்குரிய ஒரு ஸ்கோப்பை, அதாவது குறிநோக்கியை, விற்பனைக்குக் கொண்டுவந்தார். ‘330’ என்பது அதன் பெயர். மூன்று மடங்கு உருப்பெருக்கம். முக்கால் அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாய். தாங்கியையும் சேர்த்து விலை 19 டாலர். 1938இல் அமெரிக்க நடுவணரசு முதன்முதலாக வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட். அக்கணக்கில் 19 டாலர் என்பது 76 மணி நேர உழைப்பு. ஏறத்தாழ இரண்டு வாரக் கூலி. அது எளிய தொகையன்று. ஆயினும் ஒரு பண்ணையாளோ ஆலைத் தொழிலாளியோ சேர்த்துவைத்து வாங்கக்கூடிய தொகை.

தொழில்நுட்ப வரலாற்றில் புதுப்பொருளின் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் கவனம், அது மலிவான தருணத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ‘விலை குறைந்தது’ என்ற ஒற்றைத் தொடரில் அது கடந்துபோகிறது. ஆனால் ஒரு கருவி மலிவாவது தானாக நிகழும் செயலன்று. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று ஒருவர் எடுக்கும் முடிவு அதற்குள் இருக்கிறது. குறிநோக்கியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் இக்கருவி செய்யும் வேலையைப் பார்க்கலாம். இரும்புக் குறிகள் கொண்ட துப்பாக்கியில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு தொலைவுகளில் உள்ளன. மனிதக் கண் ஒரு நேரத்தில் இவற்றுள் ஒன்றை மட்டுமே கூர்மையாகக் காணும். நாற்பது வயதைக் கடந்தவர்க்கு இந்த இடர் மேலும் பெருகும். குறிநோக்கி இலக்கின் பிம்பத்தையும் குறுக்கிழையையும் ஒரே தளத்தில் நிறுத்துகிறது. தொலைவிலுள்ளதைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் இதுவே அதன் தலையாய பயன். மான்கள் வெளிவரும் விடியற்காலையிலும் அந்தி மங்கலிலும், கொம்புள்ள ஆணா, கொம்பற்ற பெண்ணா, பின்னால் மனிதர் எவரும் நிற்கிறாரா என்று பிரித்தறியவும் அது துணைசெய்கிறது.

இக்கருத்து வீவருக்கு மிக முந்தையது. 1855இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் துப்பாக்கிக் குறிநோக்கிகளைத் தயாரிக்கத் தொடங்கினார். துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே நீண்டு கிடந்த அக்குழாய்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும், 1870களில் காட்டெருமைகளைத் தோலுக்காகக் கொன்று குவித்த தொழில்முறை வேட்டையிலும் பயன்பட்டன. அவற்றின் வழியே தெரிந்த காட்சிப்பரப்பு மிகக் குறுகியது. புல்வெளியில் அசையாது நின்ற எருமைக்கு அது போதும். மரங்களுக்கிடையே பாயும் மானுக்குப் போதாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரம் என்றால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும்தான். சைஸ், ஹென்சோல்ட், கோர்ஸ் போன்ற நிறுவனங்களின் குறிநோக்கிகள் குட்டையானவை, ஒளிமிக்கவை. முதல் உலகப்போரின் தொடக்கத்தில் ஜெர்மானியப் படை, வேட்டைக்காரர்களிடமிருந்த குறிநோக்கி பொருத்திய துப்பாக்கிகளைத் திரட்டிப் போர்முனைக்கு அனுப்பும் அளவுக்கு அந்நாட்டு வேட்டைச் சமூகத்தில் இக்கருவி பரவியிருந்தது. ஆனால் அவற்றைப் பொருத்துவது தனிக்கலை. கொக்கிபோன்ற கால்களையுடைய தாங்கியை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏற்ப அரம்கொண்டு அராவி இணைக்கத் தேர்ந்த கம்மியர் தேவைப்பட்டார். மேலும், பல கருவிகளில் மேல்கீழ்த் திருத்தம் மட்டுமே குழாய்க்குள் இருந்தது. இடவலத் திருத்தத்தைத் தாங்கியில்தான் செய்ய வேண்டும். ஆகவே வாங்குபவர் கண்ணாடிக்கு ஒரு விலையும் கம்மியருக்கு ஒரு விலையும் கொடுத்தார்.

வீவரின் முக்கியமான முடிவுகள் இந்தக் கம்மியரின் இடத்தைக் குறிவைத்தவை. அவர் ஜெர்மானிய வில்லைகளோடு போட்டியிட முனையவில்லை. குழாயை ஒடுக்கினார், அதனால் ஒளியை ஓரளவு இழந்தார். மேல்கீழ், இடவலம் ஆகிய இரு திருத்தங்களையும் குழாய்க்குள்ளேயே அடக்கினார். அதனால் தாங்கி நுட்பம் ஏதுமற்ற எளிய உலோகப் பொருளாகச் சுருங்கியது. தொழிற்சாலையில் ஒரே அச்சில் பல்லாயிரமாகச் செய்யத்தக்கதாயிற்று. இதற்கும் ஒரு விலை இருந்தது. திருத்தத் திருகைச் சுழற்றும்போது குறுக்கிழையே நகர்ந்ததால், அது காட்சி வட்டத்தின் நடுவிலிருந்து விலகித் தெரிந்தது. கண்ணுக்கு உறுத்தலாயினும் தோட்டா சேருமிடத்தை அது மாற்றவில்லை. அழகும் ஒளியும் குறைந்தன. எளிமையும் எட்டும் விலையும் கிடைத்தன. 1933இல் தொழிற்கூடம் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகருக்கு இடம்பெயர்ந்தது.

விட்டுக்கொடுத்தவற்றின் கணக்கு போரில் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் மறைந்து சுடுவோர்க்கான துப்பாக்கி அவசரமாகத் தேவைப்பட்டபோது, அமெரிக்கத் தரைப்படை புதுக்கருவி ஒன்றை வடிவமைக்கக் காத்திருக்கவில்லை. கடைகளில் விற்ற வீவர் 330ஐ எடுத்து, ரெமிங்டன் நிறுவனம் 1943 முதல் தயாரித்த எம்1903ஏ4 துப்பாக்கியின்மேல் பொருத்தியது. இத்தகைய துப்பாக்கிகள் ஏறத்தாழ 28,000 உருவாயின. அவற்றில் இரும்புக் குறிகளே இல்லை. குறிநோக்கி பழுதானால் மாற்று வழியும் இல்லை. ஆண்டுக்குச் சில நாள் மான்வேட்டைக்கென எண்ணிச் செய்த கருவி, மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் கிடந்தபோது ஈரம் உட்புகுந்து வில்லைகள் மங்கின. கருவி கெட்டதென்று இதைச் சொல்வது முறையாகாது. மலிவு எந்தப் பயனை எண்ணித் தீர்மானிக்கப்பட்டதோ அதன் எல்லை அங்கே தெரிந்தது எனலாம்.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில், முன்பு விட்டுக்கொடுத்தவை ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி எதிரொளித்து வீணாகும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணை எட்டாது. 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, போருக்குப் பின் பொதுச்சந்தைக்கு வந்து இவ்விழப்பைக் குறைத்தது. ஆரிகன் மாநிலத்தின் லியூப்போல்டு நிறுவனம் குழாய்க்குள் இருந்த ஈரக்காற்றை அகற்றி நைட்ரஜனை நிரப்பி மூடியது. உட்புற மங்கல் நீங்கியது. வீவரும் 1947இல் ஓரங்குலக் குழாயுடைய ‘கே’ வரிசையை வெளியிட்டார். நான்கு மடங்கு உருப்பெருக்கமுள்ள ‘கே4’ ஒரு தலைமுறை அமெரிக்க வேட்டைக்காரரின் பொதுக்கருவியாயிற்று.

இவ்வரலாற்றை ஒரு தொழில்முனைவோரின் வெற்றிக்கதையாக மட்டும் வாசித்தால் பாதி விடுபடும். மலிவான பொருளுக்கு அதை வாங்கும் உரிமையுள்ள பெருங்கூட்டம் வேண்டும். அமெரிக்காவில் காட்டுவிலங்கு நிலவுடைமையாளரின் சொத்தாகக் கருதப்படவில்லை. சிறு கட்டணத்தில் உரிமம் பெற்ற எவரும் பொதுநிலத்தில் வேட்டையாட முடிந்தது. 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்கு மீட்புக்கு ஒதுக்கியது. மான்கள் பெருகின, வேட்டைக்காரரும் பெருகினர், குறிநோக்கியின் சந்தையும் விரிந்தது. அந்தப் பொதுநிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பதையும் இவ்விடத்தில் மறத்தலாகாது.

அதே காலத்து இந்தியாவை அருகில் வைத்தால் வேறுபாடு துலங்கும். 1878இன் படைக்கலச் சட்டம் இந்தியரை உரிமத்துக்கு உட்படுத்தி, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. அதே ஆண்டின் வனச்சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்கியது. மன்னரும் அதிகாரிகளும் ஆடியது ‘ஷிகார்’. ஊரார் ஆடியது திருட்டு வேட்டை. துப்பாக்கியே எட்டாத உழவருக்கும் பழங்குடியினருக்கும் குறிநோக்கியின் விலை பற்றிய கேள்வியே எழவில்லை. வாங்க வல்லவர்க்கோ, பரண்மீதும் யானைமீதும் அமர்ந்து குறுகிய தொலைவில் சுடும் முறையில் இரும்புக் குறிகளே பெரும்பாலும் போதுமாயிருந்தன. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு விளையாட்டு வேட்டையின் காலமே முடிந்தது. ஆக, ஒரு பொருளின் மலிவைத் தொழிற்சாலையோடு சேர்ந்து நிலச்சட்டமும் படைக்கலச் சட்டமும் தீர்மானிக்கின்றன.

மலிவு அறம்சார்ந்த கேள்வியையும் எழுப்பியது. தெளிவாகக் குறிபார்ப்பவர் விலங்கை வதைக்காமல் ஒரே சுடுதலில் வீழ்த்துவார் என்பது ஒரு தரப்பு. கருவி தரும் துணிவில் தன் திறனுக்கு மீறிய தொலைவில் சுட்டு, காயம்பட்ட விலங்கைக் காட்டில் கைவிடுவார் என்பது மறுதரப்பு. இரண்டுக்கும் சான்று சொல்ல வேட்டைக்காரர் உண்டு. இவ்விவாதத்தின் மையத்தில் இருப்பது உருப்பெருக்கமன்று, கருவியின் நிலைத்தன்மை. பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிறழ்ந்தால் 100 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் விலகும். தளர்ந்த தாங்கி அதைப்போலப் பல மடங்கு பிறழச் செய்யும். துப்பாக்கியின் ஒவ்வொரு பின்னுதைப்பிலும் அசையாது நிற்கும் தாங்கியும், திருத்தியபின் நழுவாத குறுக்கிழையும் இல்லாத இடத்தில் மிகச் சிறந்த வில்லையும் பயன்படாது. குறைந்த பணத்தில் தேர்ந்தெடுப்பவர் உருப்பெருக்கத்தையும் ஒளியையும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம், உறுதியை விட்டுக்கொடுக்கலாகாது. இது வீவர் 1930இலேயே கண்டுகொண்ட கணக்கு.

அவரது நிறுவனத்தையும் அதே கணக்கு விட்டுவைக்கவில்லை. 1950களிலிருந்து ஜப்பானியத் தொழிற்கூடங்களில் உருவான குறிநோக்கிகள் அமெரிக்கச் சந்தையில் குறைந்த விலைக்கு வந்தன. 1968இல் நிறுவனம் ஒலின் குழுமத்துக்குக் கைமாறியது. 1975இல் வீவர் மறைந்தார். 1984இல் எல் பாசோ தொழிற்சாலை மூடப்பட்டது. அவர் வடித்த கண்ணாடிகளை இன்று பழம்பொருள் திரட்டுவோரே தேடுகின்றனர். நிலைத்தது தாங்கிதான். அவர் பெயராலேயே வழங்கும் குறுக்குப்பள்ளம் வெட்டிய அடித்தண்டு இன்றும் விற்பனையில் உள்ளது. 1995இல் அமெரிக்கப் படை வகுத்த பிக்காட்டினி தண்டு அதன் வழித்தோன்றலே.