டிகிரி வாங்கின பந்துவீச்சாளர்கள்

"முதல்ல படிப்பை முடி, அப்புறம் விளையாடு." சந்தாபுரா பக்கம் குடியேறின தமிழ்க் குடும்பங்கள்ல இந்த வசனம் கேட்காத வீடு உண்டா? ஊரை விட்டு வந்து நாம சோறு சாப்பிடறதே படிப்பாலதானே!

ஆனா இந்த ஊர்க்காரர் அனில் கும்ப்ளே கதை என்ன சொல்லுது? 1970-ல் பெங்களூரில் பிறந்தவர். முதலில் மிதவேகம்தான் போட்டார். அண்ணன் சொன்னதால் லெக் ஸ்பின்னுக்கு மாறினார். 1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 19, ஆர்.வி. கல்லூரியில் மெக்கானிக்கல் மாணவர். மூணு விக்கெட் எடுத்தும், அடுத்த டெஸ்டுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதாச்சு. மனுஷன் சும்மா இருக்கலை, டிகிரியை முடிச்சார். 1992 இரானி கோப்பையில் 13 விக்கெட் அள்ளினார். அந்த வருஷக் கடைசியில் தொடங்கின தென்னாப்பிரிக்கத் தொடரில் 18 விக்கெட். அதுக்கப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இவருக்குப் பந்து திரும்பாதுப்பா" என்றார்கள். உண்மைதான், அதிகம் திரும்பாது. ஆனா வேகமும் எகிறலும் போதுமானதா இருந்தது. 1999-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரா ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட். 2002-ல் ஆன்டிகுவாவில் உடைஞ்ச தாடையில் கட்டுப் போட்டுக்கிட்டு வந்து லாராவை அவுட்டாக்கினார். 2008-ல் ஓய்வு பெறும்போது 132 டெஸ்ட், 619 விக்கெட்!

நம்ம வெங்கட்ராகவனும் கிண்டி இஞ்சினியரிங் கல்லூரிக்காரர்தான். 1965-ல் தொடங்கி 1983 வரை 57 டெஸ்ட் ஆடினார். பிறகு அம்பயரா 73 டெஸ்ட்.

அப்போ படிப்பால நஷ்டமே இல்லையான்னு கேட்டா, பிரசன்னாவைப் பாருங்க. இவரும் கர்நாடகாக்காரர். 1962-ல் இந்தியாவுக்கு ஆடிட்டு, இஞ்சினியரிங் முடிக்க மைசூர் திரும்பினார். மறுபடி டெஸ்ட் ஆடினது 1967-ல்தான். ஆடினது 49 டெஸ்ட், எடுத்தது 189 விக்கெட். போன அந்த அஞ்சு வருஷத்தை யார் திருப்பித் தர முடியும்?

ஆக மக்களே, மூணு பேருமே படிப்பை விடலை, பந்தையும் விடலை. பிள்ளைகிட்ட "முதல்ல இது, அப்புறம் அது"ன்னு வரிசை போடறது நாமதான். "ரெண்டையும் சேர்த்துச் செய், கூட நாங்க இருக்கோம்"னு ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாமே?