பிரச்சாரம் உதிர்ந்தது, பாடம் நின்றது

தியாகராய நகர் தணிகாசலம் சாலையில் உள்ள தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவைச் சுட்டித் தமிழர்கள்மேல் ஒரு பழி சொல்வதுண்டு: தெருவில் இந்தியை எதிர்த்துவிட்டு வீட்டுப் பிள்ளைகளை அந்தச் சபாவின் இந்தித் தேர்வுக்கு அனுப்பினார்களாம். நூறாண்டு வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் இதில் இரட்டை வேடம் தென்படவில்லை. படிப்பதற்கான காரணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. அந்தக் காரணத்தை அரசே விதிக்க முனைந்தபோதுதான் எதிர்ப்பு மூண்டிருக்கிறது.

1918-ல் காந்தி சென்னையில் இந்தி பரப்பும் பணியைத் தொடங்கியபோது முதல் ஆசிரியராக வந்தவர் அவருடைய மகன் தேவதாஸ், வயது பதினெட்டு. அன்று உத்தியோகத்துக்கு வேண்டியது ஆங்கிலம். இந்தி படித்தால் சம்பளம் உயராது. கதர் உடுத்துவதுபோல் அதுவும் ஒரு விரதம். கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வு செய்த கார்ட்னரும் லாம்பர்ட்டும் 1959-ல் மொழி கற்போரின் ஊக்கத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: அம்மொழி பேசுவோரோடு நெருங்கும் ஆசை, பயன் கருதிய ஆசை. சபாவின் முதல் மாணவர்கள் இரண்டிலும் முழுதாக அடங்க மாட்டார்கள். அவர்கள் நெருங்க விரும்பியது இன்னும் பிறக்காத ஒரு சுதந்திர நாட்டோடு.

1938-ல் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் விரதம் ஆணையாகிவிட்டது. அடுத்த ஆண்டு அதை எதிர்த்துப் போராடிய நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். 1940-ல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1965-ல் மீண்டும் கிளர்ச்சி. 1968-ல் இருமொழிக் கொள்கை வந்து அரசுப் பள்ளிகளிலிருந்து இந்தி விலகியது. கட்டாயம்தான் படிக்கவைத்தது என்றால் சபா அன்றே வெறிச்சோடியிருக்க வேண்டும். பள்ளி விட்டதை வீட்டு வகுப்புகள் எடுத்துக்கொண்டன. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பிள்ளைகள் சபாவின் தேர்வுகளில் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா எனப் படியேறினார்கள். அப்போது காரணம் மத்திய அரசு வேலை, வங்கி வேலை, வடக்கே மாற்றலாகும் வாய்ப்பு.

சபாவின் மேல்படியான பிரவீண் வரை தேறியவருக்கும் டில்லியில் பேரம் பேச வராதே என்று கேட்கலாம். உண்மைதான், பேச்சை நாடாமல் சான்றிதழை நாடியவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. இது நடுத்தர வர்க்கத்துப் பேட்டைகளின் கதை மட்டும்தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. வடக்கே மாற்றலாகும் உத்தியோகம் எட்டாத வீட்டில் இந்தி வகுப்புக்குக் காசு கட்ட யாருக்கும் தோன்றாது. ஆனால் அதுவும் இந்த வாதத்துக்கே வலு சேர்க்கிறது. மொழி ஆர்வம் பிறவிக் குணமாக வருவதில்லை. எதிரே திறந்திருக்கும் வழிகளைப் பார்த்தே வளர்கிறது, வாடுகிறது. ஒருவரின் ஆயுளுக்குள்ளேயே அது மாறும். அம்மா அனுப்பியதால் பிராத்மிக் எழுதும் சிறுமி, மேல்நிலைத் தேர்வான விசாரத் முடிக்கும்போது தானே வகுப்பெடுக்க நினைக்கலாம். எந்தப் படியில் நிற்பவரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

சபாவின் வழியில் பாடம் சொல்பவருக்கு இன்றும் பிரச்சாரக் என்றுதான் பெயர். தேவதாஸ் காலத்தில் அந்தச் சொல் ஒரு தொண்டரைக் குறித்தது. இன்று அதே பெயரோடு, மாலையில் புத்தகப் பையுடன் வரும் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்து, அதில் வரும் கட்டணத்தில் குடும்பம் நடத்துகிறார் ஒருவர்.