பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் ஆடுதா? ரேக்கை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் பக்கம் காரைத் திருப்பினால், நேர் ரோடு கொஞ்சம்தான். ரப்பர் தோட்டம், வீட்டு மதில், ஒரு வளைவு, எதிரே பஸ்! 9-ம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கும் மலைக்கோயிலைப் பார்க்க வார இறுதியில் வருபவர்களில், ஆசையாக வாங்கிய பழைய காரை ஓட்டி வருபவர்களும் உண்டு. இந்த மாதிரி ரோட்டில், திருப்பிய பிறகு அரை விநாடி யோசித்துத் திரும்பும் ஸ்டீயரிங் ரொம்பவே ஆபத்து.

பழைய கார் பிரியர்களுக்கு நம்ம ஊர் தயாரிப்பே நிறைய இருக்கு. சென்னையில் 1961-ல் தொடங்கி உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரத்த உறவு. ஹெரால்டின் சேஸியைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரையே செய்தார்கள். அடுத்த தலைமுறைக்கு திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர், மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகான் 1.6. எல்லாமே ஓட்டுவதற்குச் செம ஜாலியான கார்கள். ஆனால், வயசாகிவிட்டது. 'ஸ்டீயரிங் லூஸா இருக்கு' என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும், 'ரேக் போயிடுச்சு, மாத்தணும்' என்ற பதில் வந்தால் உடனே தலையாட்டாதீங்க. ரேக்தான் செலவு அதிகம் வைக்கும் சந்தேகம். அதனால், அதைக் கடைசியில் விசாரிப்போம்!

லூஸா... மந்தமா?

முதலில் உங்கள் புகாரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். 'ஸ்டீயரிங் சரியில்லை' என்பதற்குள் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

* ஸ்டீயரிங்கை ஆட்டினாலும் டயர் அசையவில்லை: இது 'ப்ளே'. ஏதோ ஒரு ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.
* ப்ளே இல்லை. ஆனால், நேர் ரோட்டில் கார் அலைபாய்கிறது: டயர், அலைன்மென்ட், சஸ்பென்ஷன் புஷ்.
* எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது: காற்றழுத்தம், டயர், பிடித்துக்கொண்ட பிரேக்.
* திருப்பிய பிறகு தானாக நடுவுக்கு வரவில்லை: காய்ந்துபோன பால் ஜாயின்ட், அளவுக்கு மீறி இறுக்கிய ரேக், காஸ்டர் கோணம்.
* ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் டைட்டாகிறது: ஸ்டீயரிங் காலமில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கலாம்.

மழை இரண்டு பருவத்திலும் பெய்யும் மாவட்டம் இது. கடற்காற்றின் உப்பு வேறு. துரு சம்பந்தப்பட்ட சந்தேகங்களை இங்கே ஒரு படி மேலேயே வையுங்கள்.

ஸ்டெப் 1: தரையிலிருந்து ஆரம்பிங்க

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன்பக்கம் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனத்து, மந்தமாகிவிடும். அடுத்து டயரின் வயசு. பக்கவாட்டில் 'டாட்' குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றால், 2016-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது.

ஹெரால்டு காலத்து கார்களில் இன்னொரு விஷயம். அவை கிராஸ்-ப்ளை டயரோடு வந்தவை. இப்போது கிடைப்பது ரேடியல். இரண்டையும் கலந்து மாட்டினால், கார் ஒரு மாதிரியும் ஸ்டீயரிங் ஒரு மாதிரியும் போகும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் டயர்கள் இரண்டையும் இடவலமாக மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

ஸ்டெப் 2: ஒரு நண்பரைக் கூப்பிடுங்க

இதற்கு டூல் எதுவும் தேவையில்லை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே நண்பரை ஸ்டீயரிங்கை இரண்டு இன்ச் அளவுக்கு இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு, ஸ்டீயரிங் காலமிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் அசையாமல் இருக்கும் இடம்தான் பிரச்னை. காலம் ஜாயின்ட்டா? ரேக் மொத்தமாக இடவலமாக நகர்கிறதா? அப்படியென்றால் ரேக் நல்லாதான் இருக்கு; அதைப் பிடித்திருக்கும் மவுன்ட் ரப்பர்தான் போயிருக்கு. சக்கரத்தின் அருகே 'டொக் டொக்' என்றால் டை ராடு எண்ட். பத்தே நிமிஷத்தில் பாதி மர்மம் விலகிவிடும்.

ஸ்டெப் 3: ஜாக்கி போடுங்க... ஸ்டாண்டும் வைங்க!

வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் கையோ தலையோ நீட்டவே கூடாது. ஸ்டாண்டில் காரை உட்கார வைத்துவிட்டு, சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

3 மணி - 9 மணி நிலையில் பிடித்து ஆட்டும்போது ஆடினால், டை ராடு எண்ட் அல்லது ரேக்கின் உள்பக்க ஜாயின்ட். 12 மணி - 6 மணி நிலையில் ஆடினால், வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இந்த இரண்டில் எது? நண்பரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்.

லான்சர், ஐகான் மாதிரி பவர் ஸ்டீயரிங் கார் என்றால், ஆயில் அளவு, பெல்ட்டின் இறுக்கம், ஹோஸில் கசிவு ஆகியவற்றையும் பாருங்கள். முழுதாகத் திருப்பும்போது மட்டும் கனமாகி 'கீச்' என்று கத்தினால், பெல்ட் வழுக்குகிறது.

ஹெரால்டுக்காரர்கள் கவனிக்க...

ஹெரால்டின் ரேக் அன்ட் பினியன் ஸ்டீயரிங் அந்தக் காலத்தில் பெரிய பெயர் வாங்கியது. வெறும் 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். ஆனால், மூன்று இடங்களைத் தனியாகப் பார்க்கணும்.

ஒன்று, ரேக் மவுன்ட் ரப்பர். இன்ஜினிலிருந்து சொட்டும் ஆயிலில் ஊறி இது களிமண் மாதிரி ஆகிவிடும். ரேக் போயிடுச்சு என்று தவறாக முடிவுகட்டப்படும் இடம் இதுதான்.

இரண்டு, முன் சக்கரத்தின் அடியில் இருக்கும் ட்ரன்னியன். பித்தளை நிறத்தில் இருக்கும் இதற்குள் வெர்ட்டிக்கல் லிங்க்கின் மரை திரும்புகிறது. இதற்குத் தேவை கியர் ஆயில், கிரீஸ் இல்லை. காய்ந்தால் மரைக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். ஒருநாள் லிங்க்கே முறிந்து, சக்கரம் உள்ளே மடங்கிவிடும். ஸ்பிட்ஃபயரிலும் இதே அமைப்புதான். உலகம் முழுக்க டிரையம்ப் உரிமையாளர்கள் பயப்படும் பார்ட் இது. ஸ்டீயரிங் காரணமில்லாமல் டைட்டாகிறது என்றால் இங்கே பாருங்கள்.

மூன்று, பின் சக்கரங்களின் ஸ்விங் ஆக்ஸில். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விட்டால், பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்பக்கமாகச் சாயும். இது ஸ்டீயரிங் கோளாறு இல்லை, காரின் குணம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவதுதான் மருந்து.

எவ்வளவு ஆடலாம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 98-ன்படி ஸ்டீயரிங் ப்ளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்கணும் என்பதும் அதே விதியில் உண்டு. ஆகவே, கிழிந்த பூட் சாதாரண விஷயம் இல்லை.

ஆனால், 38 செ.மீ விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 30 டிகிரி என்பது விளிம்பில் கிட்டத்தட்ட 10 செ.மீ! சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அவ்வளவு ஆட விடாதீங்க. பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையில், ரேக் அன்ட் பினியன் காருக்கு அதே அளவு ஸ்டீயரிங்கில் 13 மி.மீ-தான் எல்லை. காலமில் ஜாயின்ட்கள் அதிகமிருந்தால் 48 மி.மீ. வீட்டிலேயே அளக்கலாம்: ஸ்டீயரிங்கில் ஒரு துண்டு டேப் ஒட்டி, டயர் அசையத் தொடங்கும் வரை அது எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

'கொஞ்சம் டைட் வெச்சுடலாம்' வேண்டாம்!

ரேக்கில் ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். 'அண்ணே, அதைக் கொஞ்சம் டைட் வெச்சிடுங்க' என்று கேட்பது சுலபம். ஆனால், ரேக் தேய்வது நடுப்பகுதியில்தான். நாம் அதிகம் ஓட்டுவது நேராகத்தானே? நடுப்பகுதிக்குச் சரியாக இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். திரும்பிய ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை என்றால், லூஸாக இருந்ததே தேவலை. இறுக்கினால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சீராகச் சுழல்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால், அப்போதுதான் ரேக்கை மாற்றும் நேரம்.

எந்த ஜாயின்ட்டை மாற்றினாலும் புது ஸ்ப்ளிட் பின் அல்லது புது லாக் நட் போடச் சொல்லுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டால் உடையும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் செய்யணும். இல்லாவிட்டால் புது டயரும் சில மாதங்களில் காலி.

இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீங்க

* டை ராடு எண்ட் கையால் ஆட்டும்போதே மேலும் கீழும் ஆடுவது.
* ஸ்டீயரிங் ஏதாவது ஒரு இடத்தில் சிக்குவது.
* ப்ளே ஒரே வாரத்தில் திடீரென்று கூடுவது.

மெதுவா ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிடலாம் என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், இல்லை என்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் டயர், ஜாயின்ட், மவுன்ட், கடைசியாக ரேக் என்ற வரிசையில் போனால், பர்ஸும் தப்பும், நீங்களும் தப்புவீங்க!