வீட்டில் துப்பாக்கி வைத்திருப்போர் கவனத்திற்கு: சட்டம் கூறுவது என்ன? திருட்டைத் தடுப்பது எப்படி?

திருவனந்தபுரம்: ஸ்ரீ பத்மநாப சுவாமி கோயில் அமைந்துள்ள கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகம் போன்ற குடியிருப்புகளில், விடுமுறைக்காகப் பூட்டிச் செல்லும் வீடுகளின் பாதுகாப்பு ஆண்டுதோறும் எழும் கவலையாகும். தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் அதனுடன் எழுகிறது. இது குறித்துச் சட்டம் கூறுவதைக் காண்போம்.

உரிமம் யாருக்கு?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கும் அனுமதி மட்டுமே. விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கையைப் பெற்ற பின்னரே உரிமம் குறித்து முடிவெடுக்கப்படும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

பாதுகாப்பாக வைப்பது கடமை

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, விண்ணப்பதாரர் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருப்பதாக எழுத்துபூர்வ உறுதிமொழி அளிக்க வேண்டும். ஆயுதம் தொலைந்தாலோ திருடுபோனாலோ அருகிலுள்ள காவல் நிலையத்தில் உடனடியாகத் தெரிவிப்பது உரிம நிபந்தனைகளுள் ஒன்று. உரிமம் ஒருவரின் பெயருக்கே உரியது. வீட்டில் உள்ள மற்றவர்கள் அதனைத் தம் விருப்பப்படி எடுத்துப் பயன்படுத்த இயலாது.

துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை அகற்றி, சுவரிலோ தரையிலோ பொருத்தப்பட்ட இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைப்பதும், தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைப்பதும் பாதுகாப்பான முறையாகும். சாவி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கனடாவிலும் துப்பாக்கியைத் தோட்டா இன்றிப் பூட்டியே வைக்கச் சட்டம் வலியுறுத்துகிறது.

ஆளில்லாத வீட்டில் உள்ள துப்பாக்கி வீட்டைக் காப்பதில்லை. அதுவே திருடனின் கைக்குச் செல்லும் அபாயம் உண்டு. நீண்ட பயணம் செல்வோர், ஆயுதத்தைப் பாதுகாப்பில் வைக்க அனுமதி பெற்ற ஆயுத வணிகரிடம் ஒப்படைத்து ரசீது பெறலாம்.

ஏர்கன்னுக்கு உரிமம் தேவையா?

வேக ஆற்றல் 20 ஜூலுக்கும், குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் மிகாத ஏர்கன்களுக்கு உரிமம் தேவையில்லை. ஆயினும் அவை விளையாட்டுப் பொருட்கள் அல்ல. 2024 ஜூலையில், திருவனந்தபுரம் வஞ்சியூரில், வீடு தேடி வந்த ஒருவர் ஏர்கன்னால் சுட்டதில் பெண் ஒருவர் காயமடைந்தார். எனவே ஏர்கன்னையும் பூட்டி வைப்பதே முறை.

திருடனைச் சுடலாமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. கொள்ளை, சூரிய மறைவுக்கும் உதயத்துக்கும் இடையே வீட்டை உடைத்து நுழைதல் போன்ற சில சூழல்களில், எதிராளிக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் இவ்வுரிமை நீளும் என 41-ஆவது பிரிவு கூறுகிறது. எனினும், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது என்றும், காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை பொருந்தாது என்றும் 37-ஆவது பிரிவு வரம்பிடுகிறது. தப்பியோடும் திருடனின் முதுகில் சுட்டுவிட்டு, தற்காப்பு என நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம்.

கருவிகள் மட்டும் போதுமா?

2013 ஜனவரியில், திருவனந்தபுரத்தில் நவீனப் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தப்பட்ட ஒரு வீட்டில் புகுந்த 'பண்டி சோர்' என அறியப்பட்ட திருடன், சொகுசுக் காருடன் தப்பினார். கேமரா பதிவின் மூலம் அடையாளம் காணப்பட்ட அவர் புனேயில் பிடிபட்டார். கேமரா திருடனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால், தடுத்து நிறுத்தும் என்று கூற இயலாது. கதவும் ஜன்னலும் உறுதியாக இருப்பதும், அக்கம்பக்கத்தினர் கண்காணிப்பதும் அதனினும் முதன்மையானவை.

செய்ய வேண்டியவை

* வெளியூர் செல்வோர் கேரள காவல்துறையின் 'போல் ஆப்' செயலியில் முன்கூட்டியே பதிவு செய்யலாம். அதிகபட்சம் 14 நாட்கள் வரை பூட்டிய வீட்டைக் காவல்துறை கண்காணிக்கும்.
* தமிழகத்தில் உள்ளோர் தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தகவல் தெரிவித்துச் செல்லலாம்.
* பின்கதவு, மொட்டைமாடிக் கதவு, ஜன்னல் கம்பிகளைச் சரிபார்க்கவும். ஏணி, கடப்பாரை போன்றவற்றை வெளியே விட்டுச் செல்ல வேண்டாம்.
* நாளிதழ், பால் பாக்கெட்டுகள் வாசலில் குவியாதவாறு நிறுத்தி வைக்கவும்.
* நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்கவும். பயணப் படங்களை ஊர் திரும்பிய பின்னரே சமூக வலைதளத்தில் பகிரவும்.
* திரும்பி வரும்போது பூட்டு உடைந்திருந்தால் உள்ளே நுழையாமல் 112 என்ற எண்ணை அழைக்கவும்.