கிறிஸ்துமஸ் நாடகமும் காலரி மக்களும்

'பான்டோமைம்' என்ற சொல்லைக் கேட்டவுடன், வாய் திறவாமல் கையசைவாலும் முகக்குறியாலும் கதை சொல்லும் ஊமை நாடகமே நம்மவர் பலருக்கும் நினைவுக்கு வரும். சொல்லின் வேரும் அதற்கு இடந்தருகிறது. எல்லாவற்றையும் பாவனை செய்து காட்டுபவன் என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆனால் இங்கிலாந்தில் அச்சொல் வேறு பொருள் பெற்று வளர்ந்துவிட்டது. அங்கே பான்டோமைம் என்றால், கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் குடும்பத்தோடு சென்று காணும், ஆட்டமும் பாட்டும் கூச்சலும் நிறைந்த பெருங்கூத்து. சின்டரெல்லா, அலாவுதீன், 'மதர் கூஸ்' என்னும் வாத்துக்காரப் பாட்டி ஆகியோரின் கதைகளே ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும். கதாநாயகன் வேடத்தை நெடுங்காலம் பெண்ணே கட்டி வந்தாள். கிழவி வேடத்தை ஆண்மகன் கட்டுவான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்த நம் பெரியோர்க்கு இதெல்லாம் எளிதில் விளங்கும். தீயவன் பதுங்கி வரும்போது, "உனக்குப் பின்னாலே பார்!" என்று சபை முழுவதும் எழுந்து கத்துவது அங்கே மரபு.

டிசம்பர் பிறக்கப் பல மாதங்களுக்கு முன்னரே அந்நாட்டு நாடகப் பிரியர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடுவர். இவ்வாண்டு யார் நடிக்கிறார்கள்? டிக்கெட் என்ன விலை? இவை பொழுதுபோகாதவர் கேட்கும் கேள்விகள் என்று எண்ணிவிட வேண்டாம். கடந்த முந்நூறு ஆண்டுகளில் இவற்றின் பொருட்டுக் கலகங்கள் நடந்துள்ளன; உயிர்களும் போயுள்ளன. மலிவு டிக்கெட் வாங்கி மேலே காலரியில் அமர்ந்த எளிய மக்களைக் கொட்டகைக்காரர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதே இக்கலையின் உண்மையான வரலாறு என்பது நமது கருத்து. அதைச் சுருக்கமாக இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

ஊமையாய்ப் பிறந்த கலை

இத்தாலிய நாட்டு வீதி நாடகத்தில் அர்லெக்கினோ என்றொரு குறும்புக்கார வேலைக்காரன் உண்டு. இங்கிலாந்தில் அவன் பெயர் ஹார்லிக்வின். 1717-ஆம் ஆண்டு முதல் இலண்டனில் ஜான் ரிச் என்பவர் இவ்வேடத்தைக் கட்டிப் பெரும்புகழ் பெற்றார். மேடைப் பேச்சு அவருக்குக் கைவரவில்லை. உடலோ சொன்னபடி வளைந்தது. ஆகவே ஒரு சொல்லும் பேசாமல் ஆடினார். ஹார்லிக்வின் கையிலிருந்த மட்டை இரண்டு மெல்லிய மரப்பட்டைகளால் ஆனது. மெதுவாய்த் தட்டினாலும் ஓங்கி அறைந்தாற்போல் ஓசை எழுப்பும். அடிதடி நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்லாப்ஸ்டிக்' என்ற பெயர் இத்தகைய மட்டையிலிருந்தே வந்தது. ரிச் 1732-இல் கவென்ட் கார்டன் நாடகசாலையைத் திறந்தார்.

அக்காலத்தில் பான்டோமைம் தனி நாடகமன்று. ஷேக்ஸ்பியர் போன்றோரின் பெரிய நாடகம் முடிந்தபின் வரும் துணை நாடகமே. மூன்றாம் அங்கம் முடிந்ததும் அரைக் கட்டணத்தில் மக்களை உள்ளே விடும் வழக்கமும் அன்று இருந்தது. பகலெல்லாம் வேலை செய்த கடைப் பையனும் கைத்தொழிலாளியும் அந்த நேரத்தில்தான் வந்து சேர முடியும். வந்தால் அவர்களுக்குப் பான்டோமைம் கிடைத்துவிடும். இந்த வழக்கத்தில் கை வைத்தவர்கள் அதன் பலனை உடனே கண்டார்கள். 1744-இல் டுரூரி லேன் நாடகசாலையில் பான்டோமைமைக் காட்டி விலையை உயர்த்தியபோது கலகம் எழுந்தது. 1763-இல் அதே நாடகசாலையில் புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக் அரைக் கட்டண வழக்கத்தை நிறுத்த முயன்றபோது, மக்கள் உள்ளே புகுந்து பொருள்களை உடைத்து நொறுக்கினர். மாபெரும் நடிகரான காரிக்கே பணிய வேண்டியதாயிற்று.

கிரிமால்டியும் வாத்துப் பாட்டியும்

1806 டிசம்பர் 29 அன்று கவென்ட் கார்டனில் 'ஹார்லிக்வினும் மதர் கூஸும்' என்ற பான்டோமைம் அரங்கேறியது. எழுதியவர் தாமஸ் டிப்டின். அதில் கோமாளியாக வந்தவர் ஜோசப் கிரிமால்டி. 1778-இல் பிறந்த இவர் நடக்கப் பழகிய நாள் முதலே மேடையில் வளர்ந்தவர். பெரும் பொருட்செலவில்லாத அந்த நாடகம் எவரும் எதிர்பாராத வெற்றி கண்டது. நாடகசாலைக்கு ஏறத்தாழ 20,000 பவுன் இலாபம் கிடைத்ததாகச் சொல்வர். ஹார்லிக்வின் பின்னுக்குப் போய்க் கோமாளி முன்னுக்கு வந்தது இவர் காலத்தில்தான். இன்றும் வெள்ளைப்பொடி பூசிய கோமாளியை ஆங்கிலேயர் 'ஜோயி' என்று அழைப்பது இவருடைய நினைவாகவே.

ஆனால் சிரிக்க வைத்தவரின் உடல் விரைவில் சிதைந்தது. உயரத்திலிருந்து குதித்தும் விழுந்தும் மூட்டுகள் தேய்ந்தன. 1828-இல் விடைபெறும் நிகழ்ச்சிக்கு வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே நடித்தார். ஐம்பது வயதுகூட அப்போது நிறைவடையவில்லை. 1837-இல் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் இளம் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ்.

"பழைய விலை! பழைய விலை!"

கிரிமால்டி புகழின் உச்சியில் இருந்தபோதே, 1808 செப்டம்பரில் கவென்ட் கார்டன் தீக்கிரையாயிற்று. ஓராண்டுக்குள் புதிய கட்டடம் எழுந்தது. கடனை ஈடுகட்ட நிர்வாகி ஜான் பிலிப் கெம்பிள் விலையை உயர்த்தினார். 6 ஷில்லிங்காக இருந்த பெட்டி இருக்கை 7 ஷில்லிங் ஆயிற்று. மூன்றரை ஷில்லிங்காக இருந்த தரை இருக்கை 4 ஷில்லிங் ஆயிற்று. காலரி விலை உயரவில்லை. ஆனால் அங்கிருந்து மேடையைச் சரியாகக் காண முடியவில்லை. நடுத்தர மக்கள் அமர்ந்து வந்த ஓர் அடுக்கு முழுவதும் செல்வர்கள் வாடகைக்கு எடுக்கும் தனி அறைகளாக மாறியது. போதாக்குறைக்குக் கதலானி என்ற இத்தாலியப் பாடகியைப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். எங்கள் பணத்தில் யாரைக் கொண்டு வருகிறீர்கள் என்ற கேள்வியும் எழுந்தது.

1809 செப்டம்பர் 18 அன்று திறப்பு விழா. மேடையில் 'மாக்பெத்' நடந்தது. ஒரு சொல்லும் எவர் காதிலும் விழவில்லை. "பழைய விலை! பழைய விலை!" என்ற முழக்கம் கூரையைப் பிளந்தது. மணியும் கிலுகிலுப்பையும் தாரையும் கொண்டு வந்தார்கள். மேடைக்கு முதுகு காட்டி ஆடினார்கள். குத்துச்சண்டை வீரர்களை வைத்து அடக்கப் பார்த்ததும் பலிக்கவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் இது நடந்தது. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிய டிசம்பரில் கெம்பிள் மன்னிப்புக் கேட்டார். தரை இருக்கையின் விலை பழையபடி மூன்றரை ஷில்லிங் ஆயிற்று. தனி அறைகளும் குறைக்கப்பட்டன. அரை ஷில்லிங்குக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்கலாம். நாடகசாலை என்பது ஊருக்குப் பொதுவான இடம், காசுள்ளவன் மட்டும் கட்டிக்கொள்ளும் இடமன்று என்ற எண்ணமே அந்த அரை ஷில்லிங்கில் அடங்கியிருந்தது.

யார் நடிக்கிறார்கள்?

1843-இல் வந்த சட்டத்தால், பேசும் நாடகம் நடத்தும் தனியுரிமை இரண்டொரு நாடகசாலைகளை விட்டு நீங்கியது. பான்டோமைமும் தடையின்றி வாய் திறந்து பேசலாயிற்று. டிசம்பர் 26 அதன் திறப்பு நாளாக நிலைபெற்றது. இ. எல். பிளாஞ்சார்ட் என்பவர் டுரூரி லேனுக்கு 1852 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் கதை எழுதிக் கொடுத்தார்.

1879-இல் டுரூரி லேனை ஏற்ற அகஸ்டஸ் ஹாரிஸ் புதுவழி கண்டார். மதுக்கடைகளை ஒட்டி வளர்ந்த 'மியூசிக் ஹால்' மேடைகளில் பாடிப் பேர் பெற்றவர்களைப் பெருஞ்சம்பளத்தில் அழைத்து வந்தார். மாரி லாயிட், லிட்டில் டிச் முதலியோர் அப்படி வந்தவர்களே. கதையின் நயம் கெட்டது என்று பிளாஞ்சார்ட் போன்ற பழையவர்கள் வருந்தினார்கள். காலரி மக்களோ தங்கள் தெருவில் பாடியவரை இராஜ மேடையில் கண்டு பூரித்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அப்படி வந்தவர்களுள் தலைசிறந்தவர் டான் லீனோ. குள்ளமான உருவம், கவலை தோய்ந்த கண்கள். 1888 முதல் ஆண்டுதோறும் டுரூரி லேனில் பருத்த உடல் கொண்ட ஹெர்பர்ட் கேம்பலோடு இணைந்து நடித்தார். அவருக்கு முன் கிழவி வேடம் வெறுங்கேலியாக இருந்தது. லீனோவோ வாடகைக்கும் வயிற்றுக்கும் அல்லாடும் ஏழைப் பெண்ணையே மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார். 1902-இல் அவருக்காகவே 'மதர் கூஸ்' புதிதாக எழுதப்பட்டது. அழகும் செல்வமும் வந்தால் இன்பம் வரும் என்று நம்பி ஏமாறும் எளிய பாட்டியின் கதை அது. ஆனால் அவர் மனநிலை பாதிக்கப்பட்டது. 1904 ஜூலையில் கேம்பல் இறந்தார். அக்டோபரில் லீனோவும் 43 வயதில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தைக் காணத் தெருவெங்கும் மக்கள் திரண்டனர்.

பூட்டிய கதவு

மகிழ்ச்சிக் கதையினூடே துயரமும் உண்டு. 1858 கிறிஸ்துமஸ் வாரத்தில் இலண்டன் இலாம்பெத் பகுதியிலிருந்த விக்டோரியா நாடகசாலையில் ஒரே நாளில் இரண்டு காட்சிகள். முதற்காட்சி முடிந்து மக்கள் இறங்குகிறார்கள். அடுத்த காட்சிக்குக் காலரிப் படிக்கட்டில் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. தீ என்ற பொய்க்குரல் எழுந்தது. நெரிசலில் இறந்தவர் பதினைந்து பேருக்குக் குறையாது, பெரும்பாலும் இளைஞர்கள்.

அதனினும் கொடியது அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1901-இல் டுரூரி லேனில் லீனோவும் கேம்பலும் நடித்த 'புளூபியர்ட்' பான்டோமைம் கடல் கடந்து 'மிஸ்டர் புளூபியர்ட்' என்ற பெயரில் சிகாகோவுக்குச் சென்றது. அரங்கம், ஐந்தே வாரங்களுக்கு முன் திறந்த இரோக்வா நாடகசாலை. தீயே அணுகாத கட்டடம் என்று விளம்பரம். 1903 டிசம்பர் 30, விடுமுறைப் பகற்காட்சி. வந்தோரில் பெரும்பாலோர் தாய்மாரும் குழந்தைகளும். இருக்கைகள் நிரம்பியபின், நிற்பதற்கும் டிக்கெட் விற்றிருந்தார்கள். இரண்டாம் அங்கத்தில் விளக்கொன்றின் பொறி திரைச்சீலையில் பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. லீனோ ஏற்றிருந்த 'ஆன் அக்கா' வேடத்தை அங்கே கட்டியிருந்த எடி ஃபாய், அந்த வேடத்தோடே மேடையின் முன்வந்து, அமைதியாய் இருங்கள் என்று மக்களை வேண்டினார். எரிந்து விழும் சீலைகளுக்குக் கீழே நின்றவர் அவர்.

மேல் அடுக்குகளில் இருந்தவர்கள் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். அங்கே இரும்பு மடக்குக் கதவுகள் பூட்டியிருந்தன. ஏன் பூட்டினார்கள்? மலிவு டிக்கெட் வாங்கியவர்கள் காட்சி தொடங்கியபின் கீழே இறங்கி, விலை உயர்ந்த இருக்கையில் அமர்ந்துவிடக் கூடாதே என்பதற்காக! அன்று மாண்டவர் 602 பேர். பெரும்பாலோர் மேல் அடுக்குகளில் இருந்தவர்கள். இதன்பின் நாடகசாலைச் சட்டங்கள் பல ஊர்களில் கடுமையாயின. அக்காட்சிக்கு வரவேண்டியிருந்து, வேலை நிமித்தம் வராமற்போன கார்ல் பிரின்ஸ்லர் என்ற வணிகர், உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுக் கம்பியை உருவாக்க முனைந்தார். 1908 முதல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் திரையரங்குகளிலும் பள்ளிகளிலும் காணும் அக்கம்பியின் பின்னே அந்தக் காலரி மக்களின் நினைவு இருக்கிறது.

இன்றைய நிலை

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தும் பான்டோமைம் மறையவில்லை. 1964-இல் இலண்டன் பலேடியத்தில் அலாவுதீனாக வந்தவர் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட். 2004-இல் சர் இயன் மெக்கெல்லன், அலாவுதீனின் தாயான சலவைக்காரி டுவாங்கி வேடம் கட்டினார். நடித்த இடம் 'ஓல்ட் விக்'. 1858-இல் நெரிசல் நிகழ்ந்த அதே விக்டோரியா நாடகசாலைதான் அது. 2022-இல் தம் 83-ஆம் வயதில் அவரே மதர் கூஸாகவும் வந்தார். கிரிமால்டியை உயர்த்திய, லீனோவுக்கெனப் புதுப்பிக்கப்பட்ட அதே பாட்டி! பலேடியத்தில் 1987-க்குப் பின் நின்றிருந்த பான்டோமைம் 2016-இல் மீண்டும் தொடங்கியது. 2020-இல் பெருந்தொற்றின் நடுவே அங்கு தொடங்கிய காட்சி சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. சிற்றூர் நாடகசாலைகள் பலவற்றுக்கு ஆண்டு முழுதும் விளக்கெரியப் பணம் தருவது இந்தச் சில வார வசூலே. ஆதலால் அவ்வாண்டு அவை பட்ட பாடு பெரிது.

பெயர்பெற்ற நடிகர் வந்தால் கூட்டம் வரும்; அவர் சம்பளம் ஏறினால் டிக்கெட் விலையும் ஏறும்; விலை ஏறினால் நான்கு பிள்ளைகளோடு வரும் தொழிலாளி வாசலிலேயே திரும்பிவிடுவான். கெம்பிள் காலத்துச் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை.

இங்கிலாந்தில் காலரியின் மிக உயர்ந்த வரிசைகளுக்குத் 'தேவர்கள்' என்று பட்டப்பெயர். ஓவியம் தீட்டிய கூரையை ஒட்டி அவர்கள் அமர்ந்திருப்பதால் வந்த வேடிக்கைப் பெயர் அது. ஆனால் அந்தத் தேவர்களே கிரிமால்டியை ஆக்கினார்கள், லீனோவுக்காக அழுதார்கள், அவர்களுக்குரிய இடத்தைப் பறித்தபோதெல்லாம் கலை நொந்தது, அவர்களுக்குரிய வழியைப் பூட்டியபோது ஊரே அழுதது. ஆகவே விழாவுக்கு மேடை கட்டும் எவரும் யார் நடிக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன், கடைசி வரிசையில் இருப்பவருக்கு மேடை தெரிகிறதா, அவர் வெளியேறும் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை நடந்து சென்று பார்த்து வருவார்களாக.