இழப்புள்ள வாக்கே சாட்சி: மறைந்திருப்போரின் உத்தியும் புதுச்சேரிப் பேரவையும்

மாஃபியா என்னும் விளையாட்டை 1986-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவீதோவ் உருவாக்கினார். ஆடுவோரில் சிலர் மறைந்திருக்கும் துரோகிகள். அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும்; மற்றவர்களுக்கு யாரையும் தெரியாது. பகலில் எல்லோரும் வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். இரவில் துரோகிகள் ஒருவரை நீக்குவார்கள். பொய் சொல்லும் திறமைதான் இதில் வெல்கிறது என்பது பொதுக் கருத்து. பேச்சைவிட வாக்கே பெரிய சாட்சி என்கிறேன் நான். ஆனால் எல்லா வாக்கும் சாட்சியாகாது. அளிப்பவருக்கு ஏதாவது இழப்பைத் தரும் வாக்குதான் அவர் மனத்தைக் காட்டும்.

ஏழு பேர் ஆடுகிறார்கள், இருவர் துரோகிகள் என்று கொள்வோம். வெளியேற்ற நான்கு கைகள் உயர வேண்டும். துரோகி ஒருவர் மீது ஏற்கெனவே நான்கு கை உயர்ந்துவிட்டால், அவருடைய கூட்டாளி ஐந்தாவது கையைத் தயங்காமல் உயர்த்துவார். செலவில்லாமல் நல்லபெயர் கிடைக்கிறது. மூன்று கைகளே உயர்ந்து, அடுத்த முறை அவருடையதானால்தான் சோதனை: உயர்த்தினால் கூட்டாளி போய்விடுவார், உயர்த்தாவிட்டால் தடயம் மிஞ்சும். மாறாக, முதல் பகலிலும் இரவிலும் நல்லவர் இருவர் போய் ஐவர் மட்டும் மிஞ்சினால், ஏமாந்த ஒருவர் துணை சேர்ந்தாலே துரோகிகளுக்கு மூன்று வாக்கு. அதோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் மறைக்க எதுவும் இல்லை. ஆகவே எப்படி வாக்களித்தார் என்பதைவிட எத்தனையாவதாக, எந்த நிலையில் வாக்களித்தார் என்பதையே பார்க்க வேண்டும்.

நிஜ வாக்கெடுப்புகளிலும் இதைக் காணலாம். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் பிரதிநிதிகள் 178 பேர் இந்திய இணைப்பு குறித்து வாக்களித்தனர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. உளமார விரும்பியவரையும் காற்றடிக்கும் திசை பார்த்தவரையும் அந்த 170-க்குள் பிரித்தறிய வழியில்லை. தோற்பது தெரிந்தும் எதிர்த்த எட்டு வாக்குகளைப் பற்றி அந்த ஐயம் எழுவதில்லை.

2021 பிப்ரவரியில் புதுச்சேரிப் பேரவையில் நடந்தது இன்னும் நுட்பமானது. தேர்ந்தெடுக்கப்படும் முப்பது உறுப்பினர்களும் நியமிக்கப்படும் மூவரும் கொண்ட சிறிய பேரவை இது. இங்கே ஓரிரு வாக்கு ஆட்சியையே கவிழ்க்கும். ராஜினாமாக்களால் ஆளும் தரப்பும் எதிரணியும் 14-க்கு 14 என்று சமமாயின. பிப்ரவரி 22-க்குள், கைகளை உயர்த்திப் பெரும்பான்மையை நிரூபிக்குமாறு துணைநிலை ஆளுநர் பொறுப்பு வகித்த தமிழிசை சௌந்தரராஜன் உத்தரவிட்டார். 21-ஆம் தேதி ஆளும் தரப்பில் மேலும் இருவர் விலகினர். எதிரணியின் 14 கூடவில்லை; ஆளும் தரப்பின் 14 தான் 12 ஆனது. மறுநாள் முதல்வர் நாராயணசாமி வாக்கெடுப்புக்கு முன்பே வெளிநடப்புச் செய்தார், ஆட்சி போயிற்று. கட்சிக்கு எதிராக ஒரு கைகூட உயரவில்லை. கொறடா உத்தரவை மீறினால் தகுதி நீக்கம் என்னும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் விலகலைத் தடுக்கவில்லை. அதை வாக்குக்கு முந்தைய நாளுக்குத் தள்ளிவிட்டது.

விளையாட்டில் வேடம் சீட்டில் வருவது, அரசியலில் மனம் மாறுவது இயல்பு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விலகியவர்கள் தங்கள் காரணங்களை வெளிப்படையாகவே சொன்னார்கள்; அவர்களைத் துரோகிகள் என்பது இக்கட்டுரையின் வேலையன்று. மனம் முன்பே மாறியதோ அன்றுதான் மாறியதோ, விதி காட்டும் மலிவான வழி இருவருக்கும் ஒன்றே. இன்னொரு மறுப்பு வலுவானது: பிரேவர்மன், எடெஸ்ஸாமி, மோசெல் ஆகியோரின் 2008 ஆய்வுப்படி, பிறர் வேடத்தை இரகசியமாக அறியும் துப்பறிவாளர் இல்லாத மாஃபியா ஆட்டத்தில் நல்லவர்கள் குலுக்கலில் ஆளைத் தேர்வதே சிறந்தது, அப்போது வாக்குத் தந்திரத்துக்கே இடமில்லை. ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்பைக் குலுக்கலிடம் ஒப்படைக்க முடியாது. அங்கே வாக்குக்கு விலை இருந்தே ஆக வேண்டும்.

எனவே பெரும்பான்மையை நிரூபிக்க உத்தரவு வந்த பிறகு விலகுவோருக்கும், கொறடாவை மீறுவோருக்கும் ஒரே விளைவு வேண்டும். பேரவையின் எஞ்சிய காலத்துக்கு மட்டும் போட்டியிடத் தடை என்பது போதாது: 2021 ஏப்ரல் 6-இலேயே புதுச்சேரியில் பொதுத்தேர்தல் நடந்துவிட்டது, அத்தகைய தடையால் யாரும் எதையும் இழந்திருக்க மாட்டார்கள். தடை அடுத்த பொதுத்தேர்தலையும் உள்ளடக்க வேண்டும்.