சராசரி மனிதனின் எடை

திருவாரூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ஒரு எடை மெஷின், உயரம் பார்க்க ஒரு கோல், ஒரு கால்குலேட்டர். எனக்கு 68 கிலோ, 165 சென்டிமீட்டர். ஒப்பந்தக்காரர் மூலம் வந்திருக்கும் காவலாளிக்கு 47 கிலோ, 168 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, எனக்கு 24.98 என்றும் அவருக்கு 16.65 என்றும் சீட்டில் எழுதினார்கள். "சாருக்கு வயிறு போடுது, அரிசியக் கொறைக்கணும்" என்றார் டாக்டர். காவலாளியிடம், "நல்லாச் சாப்பிடணும், பெரியவரே." வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "நம்ம ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தாச் சரியாப் போயிடும் சார்."

வகுத்துப் பார்த்தேன். 20.8. எந்த அட்டவணையும் குறை சொல்ல முடியாத உடம்பு. ஆனால் அந்த உடம்பு எங்கள் இருவரிடமும் இல்லை.

காவலாளி வேடிக்கையாகச் சொன்னதைத்தான் பெல்ஜியத்துக்காரர் ஒருவர் ஒரு சாஸ்திரமாகவே சொன்னார். அடால்ஃப் கெத்லே (1796–1874) வைத்தியர் அல்ல; வானசாஸ்திரி, கணிதக்காரர். ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். பெரும்பாலானவை ஒரு மையத்தைச் சுற்றி நெருங்கி நிற்கும். மையம் உண்மை, மற்றவை பிழை. இது வானசாஸ்திரிகளின் கணக்கு. கெத்லே இதை மனிதர்களுக்குப் போட்டார். 1835-ல் பாரிசில் வெளியான அவருடைய நூலில் 'சராசரி மனிதன்' என்ற கற்பனைப் பிரஜை பிறந்தான். பின்னால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பளவுகளை எடுத்து அடுக்கிப் பார்த்தபோது அதே வளைகோடு வந்தது. சராசரி என்பது அவருக்கு வெறும் கூட்டல் கழித்தல் அல்ல. அழகுக்கும் நன்மைக்கும் அதுவே மாதிரி. அப்படியானால் நீங்களும் நானும் யார்? பிழைகள்.

எடைக்கும் உயரத்துக்கும் உள்ள உறவை அவர் கண்டதும் இந்தத் தேடலில்தான். மனிதன் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்பவனாக இருந்தால் எடை உயரத்தின் கனத்தைப் பின்பற்ற வேண்டும். வளர்ந்தவர்களிடம் அப்படி இல்லை. ஏறக்குறைய வர்க்கத்தையே பின்பற்றுகிறது என்று கண்டார். கெத்லேக்குப் பருமனைப் பற்றிய கவலை எதுவும் கிடையாது. கூட்டத்தின் சுபாவத்தை அறிவதே அவர் நோக்கம்.

கவலைப்பட்டவர்கள் இன்ஷூரன்ஸ்காரர்கள். சீக்கிரம் சாகிறவன் அவர்களுக்கு நஷ்டம். அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'உகந்த எடை' அட்டவணைகள் பாலிசி எடுக்க வசதியுள்ளவர்களின் உடம்பிலிருந்து பிறந்தவை. இந்த அட்டவணைகளைப் பிடிக்காத ஆன்ஸல் கீஸ் என்ற உடலியல் நிபுணர், 1972-ல் தன் சகாக்களோடு ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் அதிகமான ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, பழைய கெத்லே விகிதமே உள்ளதில் தேவலை என்று முடிவு கட்டி, அதற்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயரும் வைத்தார். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா. இந்தியா அதில் இல்லை. பெண்களும் இல்லை.

எண் வந்துவிட்டால் கோடும் வந்துவிடும். 18.5-க்குக் கீழே மெலிவு, 25-ல் அதிக எடை, 30-ல் பருமன் என்று உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்தது. அமெரிக்கா 1998-ல் தன் பழைய கோட்டை 25-க்கு இறக்கியபோது இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு பிடி சோறுகூட அதிகம் உண்ணாமல் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். நாங்கள் வங்கியில் வட்டி விகிதத்தை மாற்றுவதும் இப்படித்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே அதிகாரம் உடம்பைக் கணக்கெடுத்தது கொழுப்பைப் பற்றிய அச்சத்தால் அல்ல. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ல், சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியை ஆள் ஒன்றுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று சுருக்கினார். ஒரு மனிதன் உயிரோடிருக்க எவ்வளவு போதும் என்பதே கேள்வி. சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்தார். அந்த வருஷமே தானியம் சற்றுக் கூட்டப்பட்டது, பருப்பும் சேர்க்கப்பட்டது. கருணையின் எல்லையை அவுன்ஸ் கணக்கில் பேரம் பேசிய சண்டை அது.

1920-களில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பிரதேச உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவு உண்ட எலி முதலிடம். சென்னைக்காரன் உணவு உண்ட எலி கடைசி. பாலும் பருப்பும் காய்கறியும் அருகிய, தீட்டிய அரிசிச் சோற்றைப் பற்றிய எச்சரிக்கை என்ற அளவில் அது நியாயமானது. ஆனால் எந்த இனம் சிப்பாய் வேலைக்கு லாயக்கு என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட ஒரு ராஜாங்கத்துக்கு அந்த எலிகளும் சாட்சி சொல்லின.

மெலிவுக்கான இன்றைய கோட்டுக்கும் இந்த வம்சாவளியோடு உறவு உண்டு. 1988-ல் ஜேம்ஸ், ஃபெர்ரோ-லூஸி, வாட்டர்லோ மூவரும் வயதுவந்தவர்களின் நீடித்த பசியை இதே எண்ணால் படிகளாகப் பிரித்தார்கள். 18.5-க்குக் கீழே முதல் படி, 17-க்குக் கீழே இரண்டாவது, 16-க்குக் கீழே மூன்றாவது. எங்கள் காவலாளி இரண்டாவது படியில் நிற்கிறார். மன்னார்குடிப் பக்கம் நடவும் அறுப்புமாக இருந்தவர். அறுவடை இயந்திரம் வந்தபின் காவல் வேலைக்கு வந்தார். கூலியை நெல்லாக அளந்த ஜில்லா இது. அந்தக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் உச்சத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். "நல்லாச் சாப்பிடணும்" என்று சொல்லும் டாக்டருக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த எண்ணுக்குள் அது இருக்கிறது என்கிறேன்.

மறுகோடியிலும் விஷயம் எளிதல்ல. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 2015–16-ல் 30.9 சதவீதம், 2019–21-ல் 40.4. அதே சமயம் 12.6 சதவீதப் பெண்கள் 18.5-க்குக் கீழே. இரண்டையும் கூட்டி வகுத்தால் ஆரோக்கியமான தமிழச்சி ஒருத்தி கிடைப்பாள். எந்தத் தெருவிலும் அவளைத் தேட வேண்டாம்.

அந்த 25 நமக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. 2004-ல் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யட்கினும் தங்கள் இருவரையுமே உதாரணமாக வைத்து 'லான்செட்'டில் எழுதினார்கள். இருவருக்கும் எண் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு, யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண், இரண்டு தேகம். ஒல்லியாகத் தெரியும் இந்தியன் உள்ளுக்குள் பருமனாக இருக்கலாம்; சர்க்கரை வியாதி அவனுக்குச் சீக்கிரம் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசகர்கள் அதே வருஷம் ஆசியருக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தார்கள். இந்திய வைத்தியர்கள் 2009-ல் இன்னும் கறாராக, 23-ல் அதிக எடை, 25-ல் பருமன் என்றார்கள். ஆக என் 24.98 உலகக் கோட்டின்படி சரி. இந்தியக் கோட்டின்படி அதிக எடை. இன்னும் ஒரு அறுபது கிராம் கூடினால் பருமன். முகாமுக்கு முன்னால் அரை டம்ளர் காப்பி குடித்திருந்தால் என் நிலைமை மாறியிருக்கும்.

அதற்காக இந்த எண்ணைக் குப்பையில் போடச் சொல்வது சோம்பேறித்தனம். ஒரு ஜில்லாவே மெலிகிறதா ஊதுகிறதா என்று அறிய இதைவிட மலிவான கருவி இல்லை. பொய் எங்கே பிறக்கிறது என்றால், கூட்டத்தைப் பற்றிய வாக்கியத்தைத் தனிமனிதன் நெற்றியில் ஒட்டும்போது. சுமை தூக்குபவனின் தசையையும் குமாஸ்தாவின் தொந்தியையும் இந்த வகுத்தல் பிரித்தறியாது. ஆகவே அது பதில் அல்ல. விசாரணையின் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை ஒரு நாடா கேட்கும். இந்திய ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால், எண் எதுவாயினும் கவலைப்பட வேண்டும். 2025 ஜனவரியில் 'லான்செட்' அமைத்த நிபுணர் குழுவும், ஒருவரை நோயாளி என்று சொல்ல இந்த எண் மட்டும் போதாது என்றே சொன்னது. மூன்றாவது கேள்வி, இந்த உடம்பு எதைச் சாப்பிட்டது, எவ்வளவு உழைத்தது, யாரிடம் கூலி வாங்கியது என்பது. அதைக் கேட்கக் கருவி கிடையாது.

என் இடுப்பை வீட்டில் அளந்தேன். 93. டாக்டர் சொன்னபடி அரிசியைக் குறைத்திருக்கிறேன். காவலாளி தன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.